பி.ஏ. படிக்கும்போதே எம்.ஏ. பாடம்: ஆலந்தலையில் இருந்து பார்த்தால் இந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது?

பி.ஏ. பொருளாதாரம் படிக்கிற ஒருவர், தன் வகுப்பின் கட்டாயத் தாள்களில் சிலவற்றை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக எம்.ஏ. வகுப்பில் உட்கார்ந்து படித்து, அந்த மதிப்பெண்ணைத் தன் பி.ஏ. கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள முடியுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது புதுசு இல்லை. இந்தியாவிலும் புதிய பாடத்திட்டச் சட்டகங்கள் அந்தப் பக்கமாகவே கதவைத் திறந்துகொண்டு போகின்றன. ஆனால் தமிழ்நாட்டில், அதுவும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இருந்து கல்லூரிக்குப் போகிற ஒரு மாணவருக்கு இந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

திருச்செந்தூருக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, குலசேகரன்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது ஆலந்தலை. மீன்பிடித் தொழிலை நம்பியிருக்கும் ஊர். ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன கரையின் ஒரு கண்ணி. இங்கிருந்து பி.ஏ. படிக்கப் போகிறவர்களுக்குத் திருச்செந்தூர், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரும்பாலானவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஆகவே கல்லூரிக்குக் குறையில்லை. உள்ளே போன பிறகு எந்தத் தாளைப் படிக்க முடியும், எதைப் படிக்க முடியாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது?

அங்கே இளநிலைப் பட்டம் 4 ஆண்டு. பொருளாதாரத்தில் பி.எச்டி. போக நினைக்கும் மாணவர் முதல் 2 ஆண்டுகளில் அடிப்படைத் தாள்களையும் கணிதத்தையும் முடித்துவிடுவார். மூன்றாம், நான்காம் ஆண்டில் ஆசிரியரின் அனுமதி வாங்கிக்கொண்டு முதுநிலை மாணவர்களுக்கான நுண்பொருளியல், பொருளியல் அளவையியல் வகுப்புகளில் சேர்வார். சில துறைகள் இதைக் கூடுதல் தாளாக மட்டும் கணக்கில் வைக்கும். சில துறைகளில் இளநிலையின் ஒரு விருப்பத் தாளுக்கோ கட்டாயத் தாளுக்கோ பதிலாகவே இதை ஏற்றுக்கொள்வார்கள்.

ஏன் இந்தச் சிரமம்? பி.எச்டி. சேர்க்கைக் குழு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறது: முதல் ஆண்டுப் பாடச் சுமையை இவர் தாங்குவாரா? அந்தப் பாடத்தையே ஏற்கெனவே எழுதி 'ஏ' வாங்கியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. மாஸ்-கொலெல், வின்ஸ்டன், க்ரீன் மூவரும் எழுதி 1995-ல் வெளிவந்த நுண்பொருளியல் நூல், ஏறத்தாழ ஆயிரம் பக்கம், உலகெங்கும் இந்த வகுப்புகளில் வழக்கமான பாடநூல். அதில் வரைபடம் குறைவு, நிரூபணம் அதிகம். 'தேவை அதிகரித்தால் விலை ஏறும்' என்று இளநிலையில் படம் போட்டுக் காட்டுவதை, எந்தெந்த நிபந்தனையில் ஏறும், எதில் ஏறாது என்று இங்கே நிறுவிக் காட்ட வேண்டும்.

இதில் ஆபத்தும் உண்டு. அந்த வகுப்பில் 'பி' வாங்கினால், எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலை வந்துவிடும். மேலே போகிறோம் என்ற ஆசையில் கீழ்ப்படியைத் தாண்டிக் குதித்தவர்கள் வழுக்கி விழுவதும் நடக்கும். அதனால்தான் அங்கே அனுபவமுள்ள ஆசிரியர்கள் முதுநிலைப் பொருளாதாரத்துக்கு முன்னால் ரியல் அனாலிசிஸ் என்ற கணிதத் தாளை முடிக்கச் சொல்கிறார்கள்.

வேகம் எல்லாருக்கும் ஒன்றில்லை என்பதற்கு இரண்டு பேரைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டை வேராகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ராஜ் செட்டி, ஹார்வர்டில் 2000-ல் இளநிலைப் பட்டமும் 2003-ல் பி.எச்டி.யும் வாங்கினார். அமர்த்தியா சென் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. முடித்த பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போய் மறுபடியும் ஒரு பி.ஏ. படித்தார். முதல் ஆள் படிகளைச் சீக்கிரம் ஏறினார். இரண்டாமவர் அதே படியில் இரண்டு முறை கால் வைத்தார். பொருளாதாரத்தில் இருவருக்கும் இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும்.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்ட, கிரெடிட் சட்டகத்தை வெளியிட்டது. 3 ஆண்டு என்றால் 120 கிரெடிட், 4 ஆண்டு என்றால் 160. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண் வரிசை. 100-ல் தொடங்குபவை அடிப்படைத் தாள்கள். 400-ல் தொடங்குபவை நான்காம் ஆண்டின் உயர்நிலைத் தாள்கள். 500-ல் தொடங்குபவை 2 ஆண்டு எம்.ஏ.வின் முதல் ஆண்டுக்கானவை.

முதல் 6 செமஸ்டரில் 75% எடுத்தவர் நான்காம் ஆண்டில் 'ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்' போகலாம். 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுத வேண்டும். ஆய்வு வேண்டாம் என்பவர் அதற்குப் பதிலாக உயர்நிலைத் தாள்கள் மூன்றை எடுக்கலாம். 'இதற்குப் பதில் அது' என்பது இந்தச் சட்டகத்திலேயே இருக்கிறது, பாருங்கள்.

அடுத்து 2024-ல் முதுநிலைக்கான சட்டகம் வந்தது. 3 ஆண்டுப் பட்டம் முடித்தவருக்கு எம்.ஏ. 2 ஆண்டு, 4 ஆண்டு முடித்தவருக்கு 1 ஆண்டு. தேசிய கிரெடிட் சட்டகத்தில் நான்காம் ஆண்டு இளநிலையும், 2 ஆண்டு எம்.ஏ.வின் முதல் ஆண்டும் ஒரே படியில், அதாவது 6-ம் நிலையில் நிற்கின்றன. பெயர்தான் வேறு, உயரம் ஒன்று. நாலாம் வருஷ பி.ஏ.காரர் காகிதத்தில் எம்.ஏ. முதல் வருஷத்துக்காரர் மாதிரிதான்.

இங்கேதான் ஒரு சின்னச் சந்தேகம் வரும். படி ஒன்று என்று எழுதிவிட்டால் பாடமும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. நான்காம் ஆண்டைத் தொடங்கிய கல்லூரி ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, நூலகம் இருக்கிறதா, ஆய்வுக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறாரா என்பது வேறு கணக்கு. டெல்லி பல்கலைக்கழகத்தில் 2013-ல் தொடங்கிய 4 ஆண்டுப் படிப்பு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 2022-ல் மறுபடி தொடங்கி, அந்த மாணவர்கள் 2025-26-ல் நான்காம் ஆண்டுக்குள் போனார்கள். கர்நாடகம் 2021-ல் 4 ஆண்டுக்கு மாறி, 2024-ல் 3 ஆண்டுக்கே திரும்பியது. கேரளம் 2024 ஜூலையில் தொடங்கியது. ஆக, ஒரே தெற்கில் மூன்று மாநிலம், மூன்று வழி.

தமிழ்நாட்டு மாணவர் எதை இழக்கிறார்?

தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே பி.ஏ. என்பது இன்னும் 3 ஆண்டுதான். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைத் தாள்கள், பிறகு பகுதி 4, பகுதி 5 என்று 140 கிரெடிட். 2023-24 முதல் உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றத் தொடங்கின.

இதை உடனே 'பின்தங்கிவிட்டோம்' என்று படிப்பது தவறு. 3 ஆண்டு பி.ஏ., 2 ஆண்டு எம்.ஏ. என்றாலும் 5, 4 ஆண்டு பி.ஏ., 1 ஆண்டு எம்.ஏ. என்றாலும் 5. எம்.ஏ. வரை போகிறவருக்கு ஒரு நாள்கூட நஷ்டம் இல்லை. மூன்றாம் ஆண்டோடு வேலைக்குப் போக வேண்டியவருக்கு 3 ஆண்டுப் பட்டம் ஒரு காப்பு. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47%. நாட்டின் சராசரி 28.4%. இவ்வளவு பேரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்த ஒரு மாநிலம், 'இன்னும் ஒரு வருஷம் ஃபீஸ் கட்டுங்க' என்று சொல்லத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் வித்தியாசம் நிஜம். 2022 நவம்பரில் வந்த பி.எச்டி. விதிகளின்படி, 4 ஆண்டுப் பட்டத்தில் 75% எடுத்தவர் எம்.ஏ. இல்லாமலே நேரடியாகப் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம். 2024 முதல் 'நெட்' தேர்வும் எழுதலாம். ஜேஆர்எஃப் கிடைத்தால் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். எர்ணாகுளத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 4 ஆண்டில் அந்தத் தொகையைத் தொட முடியும். ஆலந்தலை மாணவர் எம்.ஏ. முடிக்க வேண்டும், அதாவது 5 ஆண்டு. ஒரு ஆண்டு வித்தியாசத்தைப் பணமாகப் பார்த்தால் 4.44 லட்சம் ரூபாய். ஒரு கடற்கரைக் குடும்பத்தில் அது வலைக் கடனை அடைக்கிற தொகை.

இது எத்தனை பேரைத் தொடும்? மிகக் குறைவான பேரைத்தான். 75% எடுத்து, ஜேஆர்எஃப் எல்லையைத் தாண்டி, ஆய்வுக்கே போகிறவர்கள் ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ. ஆனால் அந்த ஒருவர் யாராக இருக்கிறார் என்பதுதான் கேள்வி. ஆசிரியரைத் தெரிந்தவரும், விதியைத் தேடிப் படிக்கத் தெரிந்தவரும்தான் எப்போதும் அந்த ஒருவராக இருக்கிறார். வீட்டில் முதல் பட்டதாரிக்கு இப்படி ஒரு வழி இருப்பதே பி.ஏ. முடிந்த பிறகுதான் தெரியவருகிறது.

மேல்வகுப்புப் பாடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் ஆலந்தலைக் கரையிலேயே கிடக்கிறது. மீன் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். பி.ஏ. பாடப்படி விலை என்பது தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. சரிதான். ஆனால் கரையில் நிற்பவருக்குத் தெரியும், விலை அப்படி வருவதில்லை. யார் எதைத் தெரிந்து வைத்திருக்கிறார், யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார் என்பதில் இருந்து வருகிறது.

இந்தக் கரையின் பழைய முத்துச் சலாபம் இதற்கு இன்னும் நல்ல உதாரணம். குளித்து எடுத்த சிப்பிகளில் குளியாளிகளின் பங்கு போக, அரசுக்கு வந்த பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போனது. சிப்பியைத் திறக்காமலே ஏலம். உள்ளே முத்து இருக்கிறதா, எத்தனை, என்ன தரம் என்று யாருக்கும் தெரியாது. மாதிரிக்குச் சில சிப்பிகளைத் திறந்து பார்த்து, ஒரு மதிப்பை மனதில் போட்டுக்கொண்டு வியாபாரிகள் கேட்டார்கள். பெரிய அளவிலான முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் அந்த ஏலத்தில் இருந்த புதிர், அதற்குப் பத்தாண்டுகள் கழித்துத்தான் பொருளாதாரத்தில் பெயர் பெற்றது.

ஒரு குவியல் சிப்பியின் உண்மையான மதிப்பு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 வியாபாரிகள். ஒருவர் 70 என்று மதிப்பிடுகிறார், மற்றவர்கள் 85, 100, 115, 130. ஐந்தின் சராசரி சரியாக 100. கூட்டமாகப் பார்த்தால் யாரும் ஏமாறவில்லை. ஏலம் ஏறுகிறது. 70 விலகுகிறார், 85 விலகுகிறார், 100-ம் விலகுகிறார். 115-ல் கடைசிப் போட்டியாளரும் விலக, 130 என்று நினைத்தவர் 115-க்கு எடுக்கிறார். திறந்து பார்த்தால் இருப்பது 100 ரூபாய்ச் சரக்கு. ஜெயித்ததனாலேயே 15 ரூபாய் நஷ்டம். மிக அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவரே ஜெயிக்கிற விளையாட்டு இது. 1971-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல் ஏலங்களில் இதே நஷ்டத்தைக் கவனித்து எழுதினார்கள். வென்றவருக்கு விழும் சாபம் என்று பிறகு இதற்குப் பெயர் வந்தது. இப்படிப்பட்ட ஏலங்களின் கோட்பாட்டுக்காக பால் மில்க்ரோமும் ராபர்ட் வில்சனும் 2020-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தக் கோட்பாடு முழுசாக வருவது முதுநிலை வகுப்பில்தான். கெட்டிக்கார வியாபாரி எவ்வளவு குறைத்துக் கேட்க வேண்டும், போட்டியாளர் எண்ணிக்கை கூடினால் ஏன் இன்னும் எச்சரிக்கையாக வேண்டும் என்பதைக் கணக்காகப் போட நிகழ்தகவு வேண்டும். ஆனால் புதிரைப் புரிந்துகொள்ள எம்.ஏ. தேவையில்லை, மேலே இருக்கும் கூட்டல் கழித்தல் போதும்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அப்படித்தான். கடன் சந்தையும் மீன் சந்தையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. வட்டி என்று தனியாக வாங்காமல், விலையில் குறைத்து எடுத்துக்கொள்கிறார்கள். வளர்ச்சிப் பொருளாதாரத்தின் முதுநிலை வகுப்பில் இது ஒரு முக்கியமான பாடம். தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமம் ஒன்றில் ஃபைபர் படகு எப்படிப் பரவியது, கடன் கிடைக்காதவர்கள் ஏன் தாமதமாக மாறினார்கள் என்று சேவியர் ஜினே, ஸ்டெஃபான் க்ளோனர் இருவரும் ஆய்வு செய்திருக்கிறார்கள். கேரளத்தில் செல்போன் வந்தபோது மத்தி விலை என்ன ஆனது என்று ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. மீனவரின் லாபம் சராசரியாக 8% கூடியது, வாங்குபவருக்கு விலை 4% குறைந்தது என்பது அதன் முடிவு. எந்தக் கரையில் விலை அதிகம் என்று கடலில் இருந்தே கேட்டுக்கொண்டு படகைத் திருப்பியதுதான் காரணம்.

அதாவது, முதுநிலை வகுப்பில் உலகம் படிக்கிற உதாரணங்கள் இந்தக் கடற்கரையில் இருந்து போனவை. அந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றைச் சந்திக்க 3 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது, எம்.ஏ. போகாதவர்கள் சந்திப்பதே இல்லை.

அப்படியானால் கட்டாயத் தாளை விட்டுவிடலாமா?

எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இளநிலை நுண்பொருளியலை நன்றாக முடித்தவர், அதே விஷயத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிற இன்னொரு தாளுக்குப் பதிலாக மேல்நிலைத் தாளை எடுத்தால் நஷ்டம் இல்லை. ஆனால் இந்தியப் பொருளாதாரம், தமிழ்நாட்டுப் பொருளாதாரம், பொது நிதி, பொருளாதாரச் சிந்தனை வரலாறு போன்றவை 'சுலபமான தாள்' என்று முதலில் கைவிடப்படுபவை. நிரூபணம் போடத் தெரிந்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்கு மட்டும் ஏன், நாட்டுப்படகுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் முழிக்கிற பட்டதாரியை உருவாக்குவதில் என்ன பெருமை? உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களிலும் இந்தக் குறை இருக்கிறது. கணக்கில் புலி, ஊர் விஷயத்தில் பூஜ்யம்.

பொதுச் சொத்தான கடலை யாரும் தடுக்காவிட்டால் மீன் தீரும் வரை எல்லாரும் பிடிப்பார்கள் என்று ஸ்காட் கோர்டன் 1954-ல் மீன்பிடித் தொழிலை வைத்தே எழுதினார். ஊர்க்காரர்களே விதி போட்டுப் பொதுச் சொத்தைக் காப்பாற்ற முடியும் என்று எலினோர் ஆஸ்ட்ரம் 1990-ல் நூல் எழுதி, 2009-ல் நோபல் பெற்றார். முதல் வாதத்தைப் புரிந்துகொள்ள வகைநுண்கணிதம் உதவும். இரண்டாவதைப் புரிந்துகொள்ள ஊர்க் கமிட்டி எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ள முடியாத இடம் இது.

பெரிய தடை கிரெடிட் விதியா?

இல்லை, கணிதம். தமிழ்நாட்டில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பிளஸ் டூ-வில் கணிதம் எடுக்காதவர்கள். கலைப் பிரிவு, வணிகவியல் பிரிவு. பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர் 3 ஆண்டு கழித்து முதுநிலை நுண்பொருளியல் நூலைத் திறந்தால் முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிடுவார். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் பொருளாதாரம் சேரவே பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும். இங்கே வேண்டாம். அது நல்லதும்கூட, பலருக்குக் கல்லூரிக் கதவு திறந்ததே அதனால்தான். ஆனால் உள்ளே வந்தவருக்கு அந்தக் கணிதத்தைக் கற்றுக்கொடுக்க 3 ஆண்டில் ஓரிரு தாள்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கப் பேராசிரியர் கேட்கும் ரியல் அனாலிசிஸ் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கணிதத்தின் கட்டாயத் தாள். ஆக, இங்கே முதுநிலைப் பொருளாதாரத்துக்கு மிக அருகில் இருப்பவர் பொருளாதார மாணவர் இல்லை, பக்கத்து வகுப்பில் இருக்கும் கணித மாணவி. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.எஸ். அளவைப் பொருளியல் நுழைவுத் தேர்வை அவர் எழுதலாம். அந்தத் தேர்வில் கணிதமே பெரும் சோதனை. இந்த விஷயத்தை கணிதத் துறையில் யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இன்னொரு தடை மொழி. தமிழ்வழியில் பி.ஏ. படிப்பவருக்கு இளநிலைப் பாடநூல்கள் தமிழில் கிடைக்கின்றன. முதுநிலைக்கு மேலே போனால் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம். கணிதக் குறியீட்டுக்கு மொழி இல்லை என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தக் குறியீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வரும் வாக்கியங்கள் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன!

இப்போதே செய்யக்கூடியது என்ன?

இணைப்புக் கல்லூரி ஒன்று தானாக ஒரு தாளை மாற்ற முடியாது. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவின் கையில். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் உண்டு. தூத்துக்குடியிலேயே தூய மரியன்னை கல்லூரி தன்னாட்சி பெற்றது. எம்.ஏ. வகுப்பும் பி.ஏ. வகுப்பும் ஒரே கட்டடத்தில் நடக்கிற கல்லூரிகளில், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை எம்.ஏ. வகுப்பில் உட்காரவைக்கச் செலவு என்று எதுவும் இல்லை. ஒரு நாற்காலி போதும். கிரெடிட் கொடுப்பதுதான் சிக்கல், கேட்பதற்கு அனுமதிப்பது இல்லை. பல இடங்களில் இதைக் கேட்டால் கிடைக்கும், யாரும் கேட்பதில்லை.

கிரெடிட்டோடு வேண்டும் என்றால் ஸ்வயம் வழி இருக்கிறது. 2021 யுஜிசி விதிகள் ஒரு செமஸ்டரில் 40% வரையிலான தாள்களை ஸ்வயம் இணையப் படிப்புகளாக எடுக்க அனுமதிக்கின்றன. கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் முதுநிலைத் தரத்துப் பொருளாதாரமும் உண்டு. படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் 1,000 ரூபாய். வாராந்தர வீட்டுப்பாடத்துக்கு 25%, நேரில் எழுதும் தேர்வுக்கு 75%.

கணிதத்தில் பின்தங்கியவருக்கு வேறொரு வழி இன்னும் பொருத்தம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் யுஜிசி அறிவித்தது. சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் படிப்பில் சேரப் பிளஸ் டூ தேர்ச்சியும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருப்பதும் போதும். பிளஸ் டூ-வில் கணிதம் கட்டாயம் இல்லை. 4 வாரம் பாடம் நடத்தி, அதில் இருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அடித்தளக் கட்டத்தின் 8 தாள்களில் கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு. அது மட்டும் முடித்தாலே பி.ஏ. பொருளாதார மாணவருக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75% வரை கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒரு மாதத் தொகை, ஒரு என்பிடெல் தேர்வுக் கட்டணம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்வயம் தாளை எடுத்து முடித்துவிட்டு, பிறகு போய் 'இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கும் மாணவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். எந்தத் தாளுக்குப் பதிலாக எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்பதை, பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன சம்மதம், அந்த ஆசிரியர் மாறிப் போனால் அவரோடு போய்விடும்.